ரிக்மோர் நேரம் எழுதாமல் விட்ட வரி

ரிக்மோர் ஹெக்லுண்ட் மாதிரி இன்னொரு வீட்டுத் தரகரை நான் பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை. ஒருத்தியோடு பதினான்கு வருடம் மாரடித்ததே எனக்குப் போதும்.

ஹெர்னோசாண்ட் துறைமுகத்துக்கு மேலே எங்கள் ஆபீஸ். இரண்டே அறை. பின்னால் அவள், முன்னால் நான். என் பெயர் பெரிட். எனக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் நான் கதவு திறக்கலாம், வீடு பார்க்க வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம், ஏலக்காய் பன் சுட்டு வீட்டை மணக்க வைக்கலாம். விலையைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ வாயைத் திறந்தால் போச்சு. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான் என்று என் கணவன் ஸ்தூரே சொல்வான். அதுவும் சரியாகச் செய்வதில்லை என்று கூடவே சேர்த்துக்கொள்வான்.

எங்கள் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரகர் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். யார் எப்போது என்ன சொன்னார்கள், யார் வீட்டை என்ன விலைக்குக் கேட்டார்கள், எல்லாம் தேதியோடு. வீடு விற்றதும் அதன் நகலை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கொடுத்துவிட வேண்டும். தரகருக்குக் கூலி கொடுப்பவர் விற்பவர்தான். ஆனால் தரகர் இரண்டு பேருக்கும் பொது. வீட்டில் ஒரு குறை இருப்பது தெரிந்தால், ஏன், சந்தேகம் வந்தால்கூட, வாங்க வந்தவரிடம் சொல்லியாக வேண்டும்.

ரிக்மோர் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் விலை கேட்ட நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத மறந்துவிட்டாள். யாரோ புகார் கொடுத்தார்கள். தரகர்களை மேற்பார்க்கும் அரசின் கண்காணிப்பு ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு முறை தவறினால் லைசென்ஸையே பிடுங்கிவிடலாம். அந்தக் கடிதத்தை அவள் காபிக் கோப்பைகள் வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தாள். ஒரு நாளைக்கு ஐந்து முறை அந்தக் கதவைத் திறப்போம். அன்றிலிருந்து அவள் எழுதாத விஷயம் கிடையாது. "11.20. அடுப்பு வீட்டோடு சேர்த்தி, பூனை சேர்த்தி இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார்." இப்படி. படித்துப் படித்து எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஆனால் அந்த லைசென்ஸ் அவளுக்கு வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன் பதினாறு வருடம் அவள் டவுன் பஸ் ஓட்டினாள். குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், வீடுகளில் ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு எரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். உள்ளே சமையலறை எந்தப் பக்கம் இருக்கும், மாடிப்படி எங்கே திரும்பும் என்று. நாற்பத்திரண்டு வயதில் பஸ்ஸை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். நிலச் சட்டம், வரி, கட்டடம் என்று இரண்டு வருடப் படிப்பு. பக்கத்து பெஞ்சில் இருந்ததெல்லாம் அவள் பாதி வயதுப் பிள்ளைகள். பிறகு பத்து வாரம் இன்னொரு தரகரின் கீழ் பயிற்சி. அதற்கப்புறம் கண்காணிப்பு ஆபீஸ் துருவித் துருவிப் பார்த்தது: போலீஸ் கேஸ் உண்டா, திவால் ஆனவளா, இன்சூரன்ஸ் எடுத்தாளா. கடைசியில் நாணயமானவர், தகுதியானவர் என்று பதிவில் ஏற்றினார்கள்.

"அரசாங்கம் என்னைப் பத்தி இப்படி எழுதியிருக்குடி," என்று அன்று போனில் அழுதாள். கல்நெஞ்சுக்காரி அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அவளுடைய பிறப்புப் பதிவில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அவள் அம்மா ஆஸ்தா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவர், கல்யாணம் ஆகாதவர், கேட்டால் பேச்சை மாற்றுகிறவர். ஆஸ்தா போயும் இருபது வருடம் ஆகிவிட்டது. ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ரிக்மோர், அந்தக் கோட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அது புரிந்ததே இல்லை.

போன மே மாதம் மைலிஸ் சுண்டலோப் என்ற ரிட்டயர்டு டீச்சரின் வீடு எங்களிடம் வந்தது. தீவில் கடல் பார்த்த மஞ்சள் மரவீடு. மகளோடு இருக்க உப்சாலாவுக்குப் போகிறார், பெட்டிகூடக் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டினோம்.

ஞாயிறு என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அடுத்தவர் வீடு பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வாங்குகிற எண்ணம் வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து பார்க்கலாம், பன் தின்னலாம், போய்விடலாம். அப்படி வருகிறவர்களில் ஒருவரை நானும் ரிக்மோரும் "கேள்வி ரோலண்ட்" என்போம். ஓவிக்கிலிருந்து நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வருவார். உயரமாக, அறுபதைத் தாண்டிய மனிதர். பெயர்த் தாளில் "ரோலண்ட்" என்று மட்டும் எழுதுவார். நேரே ரிக்மோரிடம் போய் ஆரம்பித்துவிடுவார். மைலிஸ் வீட்டிலும் அப்படித்தான்.

"கழிவுநீர்க் குழாய் எப்போ மாத்தினது?"

"தொண்ணூத்தி எட்டுல."

"கூரை?"

"அது ரெண்டாயிரத்தி ஏழு. வடக்குப் பக்கம் மட்டும் அதுக்கப்புறம் ஒரு தடவை."

"அடித்தளத்துல ஈரம் இருக்கா?"

"வசந்த காலத்துல மூலையில லேசா வாடை வரும். நானே மோந்து பாத்தேன். எழுதியும் வெச்சிருக்கேன்."

இப்படியே அரை மணி நேரம். ரிக்மோர் சளைக்க மாட்டாள், அவரும் விட மாட்டார். வரிசையில் நிற்கிற மற்றவர்கள் என்னை முறைப்பார்கள்.

அந்த ஞாயிறு கொட்டு கொட்டென்று மழை. செருப்புக்கு மேல் மாட்டும் நீல உறை தீர்ந்துபோயிருந்தது. என் தப்புதான், வாங்க மறந்துவிட்டேன். எல்லோரும் ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடந்தார்கள். ரோலண்டின் சாக்ஸ் தொப்பலாக நனைந்து, மைலிஸின் மரத்தரையில் அடி அடியாக ஈரம் பதிந்தது. அவர் கூசிப்போய் சாக்ஸையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

தரையைத் துடைக்கக் குனிந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய இரண்டு காலிலும் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் நகம் வரைக்கும் ஒட்டியிருந்தன.

அதே மாதிரி இன்னும் ஒரு ஜோடிக் காலை எனக்குத் தெரியும். பதினான்கு கோடைகளாக என் மேஜைக்கு எதிரே திறந்த செருப்பில் நடமாடுகிற கால். அதன் சொந்தக்காரி அதை "என் வாத்துக் கால்" என்பாள்.

வீட்டுக்குப் போனதும் போகாததுமாக ஸ்தூரேயைப் பிடித்தேன். அவன் சமையலறைத் தொட்டியில் மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஸ்தூரே, ரிக்மோரோட கால் விரலைப் பாத்திருக்கியா?"

"பொண்டாட்டி கேக்குற கேள்வியா இது? நான் என்ன பதில் சொன்னாலும் மாட்டுவேன்."

"வெளையாடாத. அச்சா அதே மாதிரி ஒட்டின விரல் இன்னைக்கு வீடு பாக்க வந்த ஒரு ஆளுக்கு. ரோலண்ட்னு பேரு."

"ஓ, எய்னர் பீலுண்டோட மகனா இருக்கும். படகு எஞ்சின் பட்டறை வெச்சிருந்தாரே, அவர்தான் எய்னர். அவருக்கும் அப்படித்தான் கால். நீராவிக் குளியல்ல நாங்க கேலி பண்ணுவோம்." மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சாவகாசமாகச் சொன்னான்: "ரிக்மோர் அவர் பொண்ணுதானே."

"என்ன சொன்ன?"

"உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மீனைப் பிடுங்கி அவன் தலையிலேயே அடித்திருப்பேன். "அவகிட்ட ஒருத்தர்கூட சொல்லலையா?"

"அவளுக்குத் தெரியும்னு நெனச்சோம். அவ கேக்கல. நாங்க எப்படி அடுத்தவங்க வீட்டு விஷயத்தைப் பேசறது?"

பாருங்கள் நியாயத்தை! அறுபது வருடம். இந்த ஊரில் ஒருவன் கால் விரலைக் கேலி செய்யலாம், அதே விரலோடு பிறந்தவளிடம் "உன் அப்பா இன்னார்" என்று சொல்வது மரியாதைக் குறைவாம். நான் உமேயோவில் பிறந்தவள், கல்யாணமாகி வந்தவள், அதனால் என்னிடமும் யாரும் சொல்லவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. ஸ்தூரே எனக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

திங்கள்கிழமை காலை கேள்வி ரோலண்ட், இன்ன விலைக்கு வீட்டை எடுத்துக்கொள்கிறேன் என்று செய்தி அனுப்பினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக! விலை கேட்பவரின் அடையாள அட்டையைத் தரகர் சரிபார்க்க வேண்டும். அவர் அனுப்பினார், ரிக்மோர் பார்த்தாள். ரோலண்ட் பீலுண்ட். அவள் முகத்தில் நான் ஒன்றையும் காணவில்லை. வேறு இரண்டு பேர் போட்டிக்கு நின்றார்கள், செவ்வாய் மாலைக்குள் இருவரும் விலகினார்கள். புதன் மதியம் மைலிஸ் சம்மதம் சொன்னார். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஒப்பந்தம் என்று முடிவானது.

என் நிலைமையைக் கேளுங்கள். தரகர் தனக்கே ஒரு வீட்டை விற்றுக்கொள்ளக் கூடாது, புருஷனுக்கோ பிள்ளைக்கோ கூடப்பிறந்தவருக்கோ விற்றுக் கொடுக்கவும் கூடாது. இது எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை அந்த ஒப்பந்தம் ரிக்மோர் கையால் நடந்து, பிறகு என்றாவது யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை வாங்கியவளுக்கு லைசென்ஸ் போய்விடும். நாணயமானவர், தகுதியானவர் என்பதெல்லாம் ஒரே கோட்டில் அடிபட்டுவிடும். சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொல்லவும் தைரியம் இல்லை. நாக்கு நமநமவென்று அரித்தது.

வியாழன் காலை அவள் காபி ஊற்றப் போனபோது குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். எல்லா வரியிலும் நேரம் இருந்தது. 9.05, 9.40, 13.15. ஒரே ஒரு வரியில் மட்டும் இல்லை. "திங்கள். ரோலண்ட் பீலுண்டின் அடையாள அட்டை சரிபார்க்கப்பட்டது." அவ்வளவுதான். எச்சரிக்கைக் கடிதத்தை ஒரு நாளைக்கு ஐந்து முறை பார்க்கிறவள், பூனையைக்கூட நேரத்தோடு எழுதுகிறவள், இதற்கு மணி எழுதவில்லை.

நிமிர்ந்தால் எதிரே நிற்கிறாள், இரண்டு கையிலும் கோப்பையோடு.

"மூக்கை நுழைச்சாச்சா?" என்றாள்.

"ரிக்மோர், ஞாயித்துக்கிழமை அந்த ஆளு சாக்ஸைக் கழட்டினான்."

"பாத்தேன்."

"பாத்தியா!"

"தரையில ஈரமா நடக்கறவன் காலை எந்தத் தரகர்டி பாக்காம இருப்பா?" கோப்பையை வைத்தாள். "பீலுண்ட் பட்டறைக்கு முன்னாடி என் பஸ் நிக்கும். அந்தக் கெழவன் பதினாறு வருஷத்துல ஒரு நாள்கூட என் பஸ்ல ஏறல. மத்த டிரைவர் வந்தா ஏறுவான். நான்னா கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு பனியில நடப்பான். ஏன்னு நான் யோசிக்காம இருந்திருப்பேன்னு நெனைக்கிறியா?"

"அப்புறம் ஏன்டி கேக்கல? ஊருல இருக்கிற சாக்கடை எல்லாம் கேக்கறியே!"

"கேட்டா பதில் வந்துடும்ல."

நான் குறிப்பேட்டை மூடினேன். அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "எனக்கு இன்னும் தெரியாது. சந்தேகம்தான். தெரியாம ஒப்பந்தத்தை முடிச்சுக் குடுத்தா தப்பில்லன்னு சொல்லலாம். மைலிஸும் நிம்மதியாப் போவாங்க."

"சொல்லலாம்."

"ஈர வாடை வந்தாலே வாங்கறவன்கிட்ட சொல்லணும்னு இருக்கும்போது, இதுக்குக் கண்ணை மூடிக்கிட்டா அதையும் குறிப்பேட்டுல எழுதணுமேடி. எத்தனை மணிக்கு மூடினேன்னு."

அப்படிச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நகராட்சி ஆவணக் காப்பகம் எங்கள் ஆபீஸிலிருந்து நான்கு தெரு. கல்யாணம் ஆகாத பெண்களின் குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் நகராட்சியே ஒரு கோப்பு போட்டுவைக்கும். பிறந்த தேதியைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அறுபது வருடமாக அது அங்கேதான் இருந்தது, நான்கு தெரு தள்ளி.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள், அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். 1962. பிள்ளைக்குப் பதினாறு வயது முடியும் வரை மாதாமாதம் செலவுக்குத் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தார். பட்டறை பில்லில் போடுகிற மாதிரி பெரிய, தெளிவான கையெழுத்து. எய்னர் பீலுண்ட்.

"பெயரைப் பதிவேட்டுல போட மட்டும் மனசு வரல மனுஷனுக்கு," என்றேன்.

"மணி என்ன?" என்றாள் ரிக்மோர். குறிப்பேட்டை எடுத்து எழுதினாள். பிறகு என் முன்னாலேயே மைலிஸுக்குப் போன் செய்து, ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மைலிஸ், உங்க வீட்டு விற்பனையிலிருந்து நான் விலகணும். இன்னிக்கே."

"என்னது! பெட்டியெல்லாம் கட்டிட்டேன்! தட்டு எல்லாம் பேப்பர் சுத்தி வெச்சிருக்கேன், நேத்தியிலிருந்து காகிதத் தட்டுலதான் சாப்பிடறேன்!"

"வேற தரகரை நானே ஏற்பாடு பண்றேன். உங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது. விலை கேட்டவர் எனக்கு நெருங்கின சொந்தம். அதனால நான் இதைச் செய்யக் கூடாது."

"யாரு, ரோலண்டா? எய்னர் மகன்தானே அவன்? உன் அண்ணன். அது எனக்குத் தெரியுமேம்மா, அதுக்கென்ன இப்போ?"

ரிக்மோர் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"

"நீ ரெண்டாங்கிளாஸ் என்கிட்ட படிச்சப்போலேருந்து. உனக்குத் தெரியாதா என்ன?"

போனை வைத்த பிறகு ரிக்மோர் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை அழுததாக நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது சிரிப்பில் வந்தது.

சுண்ட்ஸ்வாலிலிருந்து யோக்கிம் என்ற தரகர் வீட்டைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். நாற்பது வயது, பளபளவென்று ஷூ, எல்லாவற்றுக்கும் "பிரமாதம்" என்பார். எல்லாச் சரிபார்ப்பையும் முதலிலிருந்து செய்தார். ஒப்பந்தம் அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு மாறியது. மைலிஸ் அத்தனை தூரம் வர மாட்டேன் என்றதால் எங்கள் ஆபீஸிலேயே கையெழுத்து. ரிக்மோர் தன் குறிப்பேட்டின் நகலை யோக்கிமிடம் கொடுத்துவிட்டாள், அவர் எழுதியதோடு சேர்ந்து அதுவும் வாங்குபவர் கைக்குப் போகும்.

"ரோலண்ட்கிட்ட நீயே சொல்லலாமே," என்றேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எழுத மட்டும்தான் தெரியுது."

ரோலண்ட் வெள்ளிக்கிழமை எனக்குப் போன் செய்தார். "ரிக்மோர் விலகிட்டாங்களாமே. நான் ஏதாவது தப்பா கேட்டுட்டேனா? நிறைய கேள்வி கேக்கற பழக்கம்..." எனக்கு லைசென்ஸ் இல்லை, நான் ஒன்றும் சொல்லக் கூடாது. "காகிதத்துல எல்லாம் எழுதியிருக்கும், பொறுமையாப் படிங்க," என்று மட்டும் சொன்னேன். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. வீடு பார்க்க வந்தவர்களின் பெயர்த் தாள்களை வேலை முடிந்ததும் கிழித்துப் போட வேண்டும், அடுத்தவர் போன் நம்பர் எல்லாம் இருக்கிறதே. அது என் வேலை. ஒன்பது வருடமாக நான் அதைச் செய்யாமல் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவைத்திருக்கிறேன். அன்று மாலை அந்தப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொரு தாளில் "ரோலண்ட்" இருந்தது. ஒற்றை அறை வீடு, ஆறு அறை வீடு, படகுக் கொட்டகை, ஒரு தடவை மாணவர்களுக்கான அறை. அறுபது வயது மனிதருக்கு மாணவர் அறையில் என்ன வேலை? விற்றதெல்லாம் ரிக்மோர். இந்த ஊரில் எத்தனையோ தரகர்கள் இருக்கிறார்கள்.

அந்தத் தாள்களை ரிக்மோரிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓரம் சேர்த்து அடுக்கி, இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். கிழிக்காததற்கு என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு பயமாக இருந்தது.

செவ்வாய் இரண்டு மணிக்கு மைலிஸும் ரோலண்டும் முன் அறையில் உட்கார்ந்தார்கள். பின் அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ரிக்மோர் எதையோ ஸ்டேப்பிள் பண்ணிக்கொண்டே இருந்தாள், டக், டக் என்று. பண்ண வேண்டிய தாள் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். யோக்கிம் ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்தார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "பிரமாதம்," என்று சொல்லிக் குறிப்பேட்டு நகல்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மற்றவர்கள் அதை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். ரோலண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

எந்தப் பக்கத்தில் அது வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பக்கம், நடுவில்.

"வியாழன், 11.40. விலை கேட்டவர்களில் ஒருவரான ரோலண்ட் பீலுண்ட் என் தந்தையின் மகன் என்பது இன்று உறுதியாகத் தெரிந்தது. அவர் என் அண்ணன். ஆகவே இந்த வீட்டை விற்கும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். ரிக்மோர் ஹெக்லுண்ட்."

அவர் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே ஸ்டேப்பிள் சத்தம் நின்றுவிட்டது.

"இதை எழுதினவங்க இருக்காங்களா?" என்றார்.

ரிக்மோர் வெளியே வந்தாள். தரகர் குரலில் கேட்டாள்: "எழுதினதுல ஏதாவது தப்பு இருக்கா?"

"தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கு ஒன்பது வருஷமாத் தெரியும். அப்பா சாகறதுக்கு முந்தின வாரம் சொன்னார்."

"அப்போ ஏன் என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியுமோ என்னவோ. தெரிஞ்சும் வேண்டாம்னு இருக்கியோ என்னவோ. உன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு என்ன உரிமை?" அவர் கை அந்தத் தாளையே தடவிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கிழமைன்னா நீ நிக்கிற கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். வர்றவன் யாரானாலும் கை குடுப்ப. கேட்டதுக்குப் பதில் சொல்லியே ஆகணும், அது உன் கடமை. அதான் வந்து கேட்டேன்."

"சாக்கடைக் குழாயைப் பத்தி!"

"வேற என்னத்தைக் கேக்கறது? நீ பதில் சொல்றப்போ உன் குரலைக் கேட்டுக்கிட்டு நிப்பேன். அப்பா குரல் மாதிரியே இருக்கும். இப்போ என் மனைவியும் போயிட்டா, ஓவிக்ல எனக்கு யாரும் இல்ல. இந்த ஊர்ல வீடு வாங்கினா கடையிலயாவது உன்னைப் பாக்கலாம்னு நெனச்சேன். சொந்தக்காரன் உன் மூலமா வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கிறது சத்தியமா எனக்குத் தெரியாது."

மைலிஸ் கைக்குட்டையைத் தேடினார். யோக்கிம் "பிரமா..." என்று ஆரம்பித்தார், நான் அவர் பளபள ஷூவை மிதித்தேன்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு," என்றார் ரோலண்ட்.

ரிக்மோர் நிமிர்ந்தாள். "நான் இப்போ இந்த வீட்டுத் தரகர் இல்ல. பதில் சொல்லணும்னு எனக்குக் கட்டாயம் எதுவும் இல்ல."

"தெரியும். அதனாலதான் இப்போ கேக்கறேன். நீ எப்படி இருக்க, ரிக்மோர்?"

கூரை மாற்றிய வருடத்தைக் கண் இமைக்காமல் சொல்கிறவள், இதற்கு மேஜை மேலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவருக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உக்காரு," என்றாள். "இதுக்குப் பதில் சொல்ல நேரமாகும்."

அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். அதை அவளிடம் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. நான் மைலிஸையும் யோக்கிமையும் பன் தட்டோடு பின் அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். ஆறு மணி வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தோம், யோக்கிம் நாலு பன் தின்றார்.

ரோலண்ட் இப்போது அந்த மஞ்சள் வீட்டில் இருக்கிறார். அடித்தளத்து மூலையில் வசந்த காலத்தில் வாடை வருகிறது, ரிக்மோர் சொன்ன மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு வீடு காட்டும் வேலை இல்லையென்றால் அவள் அங்கே போய்விடுகிறாள். அலமாரிக் கதவில் எச்சரிக்கைக் கடிதம் இன்னும் ஒட்டியிருக்கிறது. குறிப்பேட்டில் அந்தத் திங்கள்கிழமை வரியும் அப்படியேதான் இருக்கிறது, நேரம் இல்லாமல். கண்காணிப்பு ஆபீஸ்காரர்கள் என்றைக்காவது வந்து புரட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. ஏதாவது ஒரு மணியை எழுதித் தொலையேன் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"பொய் எழுதச் சொல்றியா?" என்கிறாள். "அப்போ மணி என்னன்னு நான் பாக்கலடி. அட்டையில இருந்த அவன் முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."